ஐந்நூறு யூனிட்டும் உங்கள் அம்மாவின் மாவும்

மக்கா, ரெண்டு பேரும் உட்கார்ந்து இதை வாசியுங்கள். பெரியவளே, நீ சத்தமாக வாசி, தம்பி கேட்கட்டும். அவன் நடுவில் எழுந்து ஓடினால் ஓடட்டும். பணியாரம் வருகிற இடத்தில் தானாகத் திரும்பி வந்துவிடுவான்.

போன வாரம் உன் பள்ளிக்கூடக் கட்டுரையைக் கொண்டு வந்து என்னிடம் கையெழுத்துக் கேட்டாய். 'எங்கள் வீட்டில் சிக்கனம்' என்று தலைப்பு. உன் டீச்சர் சிவப்பு மையில் 'மிக நன்று' என்று எழுதி, வகுப்பில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டச் சொன்னார்களாம். நானும் வாசித்தேன். குழாய், சைக்கிள், மஞ்சப்பை எல்லாம் எழுதியிருந்தாய். கடைசியில் ஒரு வரி: 'இயற்கையைக் காக்க என் தந்தை எடுத்த எந்த முயற்சியும் வீண்போனதில்லை.' கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அன்றையிலிருந்து அந்த வரி, கை எட்டாத இடத்தில் முதுகு அரிக்கிற மாதிரி இருக்கிறது. வாயால் சொன்னால் பாதியில் சிரித்து மழுப்பிவிடுவேன். அதனால் எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன், கடையில் பில் எழுதிய கை இது. பிழை இருந்தால் நீயே திருத்திக்கொள்.

ஹார்டுவேர் கடையில் பதினாறு வருஷம் நின்றால், ஒரு வீட்டில் எங்கெங்கே காசு ஒழுகும் என்று தெரிந்துவிடும். குழாய் சொட்டுகிறது என்று ஒருத்தர் வருவார். "எத்தனை நாளா அண்ணாச்சி?" என்றால், "அது கெடக்கும் ஒரு ஆறு மாசமா" என்பார். ஒரு டீ குடிக்கிற காசில் வாஷர் வாங்கி மாட்டியிருக்கலாம். ஆறு மாசமாகத் தண்ணீரும் போய், அதை மேலே ஏற்றிய மோட்டார் கரண்டும் போயிருக்கும். தினமும் இதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் நம் வீட்டுக் குழாயும் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. அன்றைக்குத்தான் எனக்கு ரோசம் வந்தது.

சொட்டுக்குக் கீழே சொம்பை வைத்துத் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா?

"பாத்தியாலே, நீ ரெண்டு தோசை திங்கதுக்குள்ள சொம்பு நெறஞ்சிட்டு."

"நான் நாலு தோசை தின்னேன்பா" என்றான்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. அரிசி களைந்த தண்ணீர் பின்னால் முருங்கைக்குப் போனது. பக்கத்து வீட்டு அக்கா மதில் மேலாக எட்டிப் பார்த்து, "ஒங்க வீட்டு முருங்கைக்குச் சத்துத் தண்ணி. எங்க வீட்டுல மனுசருக்கே இது கெடையாது" என்று சிரித்தார்கள். அந்த முருங்கை காய்த்த காய்ப்பில் அவர்கள் வீட்டுச் சாம்பாரும் நடந்தது என்பது வேறு விஷயம். பாத்ரூமில் கிடந்த பழைய ஹீட்டரைக் கழற்றினேன். பங்குனி மாசம் நம்ம ஊர் மாடித் தொட்டித் தண்ணீரில் கோழிக்கு ரோமம் பறிக்கலாம், இதில் ஹீட்டர் எதற்கு? பைக்குக்கு உறை போட்டு மூடிவிட்டுச் சைக்கிளில் கடைக்குப் போனேன். கடையில் என்னோடு நிற்கிறவர் முதல் நாளே கேட்டார்:

"என்ன வே, வண்டிய அடகு வச்சிட்டீரா?"

"இல்ல வே. அதுக்கு லீவு குடுத்திருக்கேன்."

"அப்போ உம்ம முழங்காலுக்கு யாரு லீவு குடுப்பா?"

இதெல்லாம் நல்ல காரியம்தான். இதில் எதையும் நான் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மனுசனுக்கு ஒரு காரியம் நன்றாக நடக்க ஆரம்பித்தால், எங்கே நிறுத்துவது என்று தெரியாது. எனக்குத் தெரியவில்லை.

மின்சாரத்தில் ஒரு கோடு உண்டு, உங்களுக்கும் தெரியும். ரெண்டு மாசத்துக்கு ஐந்நூறு யூனிட். அதுவரை ஒரு மாதிரிக் கட்டணம். ஒரு யூனிட் தாண்டினாலும் கணக்கே மாறி பில் குதித்துவிடும். நான் அந்த ஐந்நூறைப் பிடித்துக்கொண்டேன். காலையில் எழுந்ததும் மற்றவர்கள் சாமி படத்தைப் பார்ப்பார்கள், நான் மீட்டரைப் பார்ப்பேன். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் ஒரே அறை, ஒரே பேன், ஒரே பல்பு. தம்பி கணக்குப் போட, நீ வரைபடம் வரைய, அம்மா பீடி சுற்ற, நான் அதிகாரியைப் போல நடுவில் உட்கார்ந்திருப்பேன்.

அந்த வேகத்தில்தான் ஒருநாள் பிரிட்ஜைத் திறந்து உள்ளே எரிகிற பல்பைக் கழற்றினேன்.

"அதை எதுக்குக் கழட்டுதீங்க?" என்றாள் அம்மா.

"கதவைத் தொறந்தா எரியுது. உள்ள இருக்க கத்தரிக்காயா பாடம் படிக்கப் போகுது?"

"தொறந்தாத்தான எரியுது?"

"ஒரு நாளைக்கு எத்தனை தடவ தொறக்க? கூட்டிப் பாரு."

"ஒங்களுக்குக் கோட்டி முத்திட்டு" என்று சொல்லிவிட்டு, இருட்டுக்குள் கையை விட்டுத் தடவி புளிக்குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

இனி அம்மா விஷயத்துக்கு வருகிறேன். இதுதான் முக்கியம்.

அம்மா கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பீடி சுற்றுகிறாள். மடியில் தட்டு, தட்டில் இலையும் தூளும் நூலும். அந்தத் தூள் மூச்சுக்குள் போய்ப் போய் விடியற்காலையில் அவள் இருமுகிற இருமலைக் கேட்டுத்தான் நீங்கள் எழும்புவீர்கள். ரெண்டு வருஷமாகப் பக்கத்து வீடுகளுக்கு இட்லி மாவு ஆட்டிக் கொடுத்து வந்தாள். ஆரம்பத்தில் பிளாஸ்டிக் கவரில்தான் கொடுத்தாள். அப்புறம் அவளே, "கவருக்குக் குடுக்க காசுல ஒரு பிடி உளுந்து கூடப் போடலாம். அவங்கவங்க சட்டிய எடுத்துட்டு வரட்டும்" என்று நிறுத்திவிட்டாள். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. உன் கட்டுரையில் அது என் கணக்கில் வந்துவிட்டது. அடுத்த தடவை மாற்றிவிடு.

இந்தப் பங்குனியில் அம்மாவுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. ஹைகிரவுண்டுப் பக்கம் வேலைக்குப் போகும் பெண்கள் தங்குகிற விடுதி இருக்கிறது. நாற்பது பேர். அதை நடத்துகிறவர்கள் ரிட்டயர்டு டீச்சர். நாமெல்லாம் டீச்சரம்மா என்போம். அவர்கள் நம் தெருவில் யார் வீட்டிலோ இட்லி சாப்பிட்டுவிட்டு, மாவு யாருடையது என்று கேட்டு, ஆள் அனுப்பினார்கள். ஆறு நாள் மாவு தர வேண்டும். திங்கள் முதல் சனி வரை. நன்றாக இருந்தால் வருஷம் முழுக்க தினமும் வேண்டும்.

அன்று அம்மா தட்டை மடியில் வைத்துக்கொண்டு, நூலைச் சுற்றியபடியே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "இது மட்டும் கெடச்சா இந்தத் தட்டை எறக்கி வச்சிருவேன்."

அவ்வளவுதான் சொன்னாள். இருபது வருஷத்தில் அவள் எனக்கு இது வேண்டும் என்று சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை முதல் மாவு போனது. இரண்டு பெரிய தூக்குவாளி. சைக்கிள் ஹேண்டில்பாரில் பக்கத்துக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். டீச்சரம்மா மூடியைத் திறந்து பார்த்து, "பூ மாதிரில்லா இருக்கு" என்றார்கள். வீட்டுக்கு வந்து சொன்னேன்.  அன்று அம்மா உங்களுக்கு முட்டை பொரித்தாள்.

அன்று சாயங்காலம் மீட்டரைப் பார்த்தேன். ரீடிங் எடுக்க அடுத்த திங்கள் வருவார்கள். விடுதிக்காகக் கிரைண்டர் கூடுதலாக ஓடியதில் நம்பர் நான் நினைத்ததைவிட முன்னால் போயிருந்தது. இப்படியே போனால் ஐந்நூறைத் தாண்டும். பேனைக் குறைத்தாயிற்று, பல்பைக் குறைத்தாயிற்று, இனி எதைக் குறைப்பது என்று வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். பிரிட்ஜ் மூலையில் நின்று உறுமிக்கொண்டிருந்தது.

எல்லாரும் படுத்த பிறகு அதன் சுவிட்சை அணைத்தேன். காலையில் ஐந்து மணிக்கு நான்தான் முதலில் எழும்புவேன், எழுந்ததும் போட்டுவிடலாம். கதவைத் திறக்காமல் வைத்தால் உள்ளே இருக்கிற குளிர்ச்சி எங்கே போய்விடும்? இதுதான் என் விஞ்ஞானம். மறுநாள் காலையில் தண்ணீர் பாட்டிலைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்றுதான் இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. உள்ளே பல்பு இல்லாததால், கதவைத் திறக்கிற யாருக்கும் பிரிட்ஜ் ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியவும் வழியில்லை.

ஆனால் பாட்டில் தண்ணீர் வேறு, மாவு வேறு. அது ஹார்டுவேர் கடைக்காரனுக்குத் தெரியவில்லை. அம்மா அப்போதெல்லாம் மத்தியானமே ஆட்டிவிடுவாள். நீங்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்து படிக்கிற நேரத்தில் கிரைண்டர் சத்தம் இருக்கக் கூடாது என்று அப்படி வைத்திருந்தாள். ராத்திரி ஒன்பது மணிக்கு மாவு சரியாகப் பொங்கி நிற்கும். அதற்கு மேல் பொங்காமல் இருக்கத்தான் பிரிட்ஜுக்குள் வைப்பது. அது சூடாக உள்ளே போகிறது, நான் பின்னாலேயே போய் அணைக்கிறேன். பங்குனிச் சூடு வேறு. விடிய விடிய அது உள்ளேயே பொங்கிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை டீச்சரம்மா மோந்து பார்த்துவிட்டு, "கொஞ்சம் புளிச்ச மாதிரி இருக்கே" என்றார்கள். புதன்கிழமை, "இந்தப் பிள்ளைகள் இட்லிய வாயில வச்சுட்டு மொகத்தச் சுளிக்குதுக" என்றார்கள். தெருவில் வாங்குகிறவர்களில் ஒரு அண்ணாச்சி சட்டியோடு திரும்ப வந்து, "அம்மா தாயி, இதுக்குத் தயிருன்னு பேரு வச்சிருந்தா ரெண்டு மடங்கு குடுத்து வாங்கியிருப்பேன்" என்று வைத்துவிட்டுப் போனார்.

அம்மா முதலில் உளுந்தைச் சந்தேகப்பட்டாள், கடையை மாற்றினாள். பிறகு தண்ணீரைச் சந்தேகப்பட்டாள். குழாயில் வருகிற ஆற்றுத் தண்ணீர் வேண்டாம் என்று, அடுத்த தெருவில் போய் போர்வெல் தண்ணீரைத் தூக்கி வந்தாள். கிரைண்டர் கல்லை வெந்நீர் ஊற்றிக் கழுவினாள். ஒன்றும் உதவவில்லை.

புதன்கிழமை மத்தியானம் உனக்கு அரை நாள் லீவு. உன்னைக் கூப்பிட்டு, "ஏட்டி, இன்னைக்கு உப்புப் போட்டு நீ கரை" என்றாளாமே. அன்று சாப்பிடுகிற நேரத்தில் என்னிடம்தான் நீ குறை சொன்னாய்: "அம்மா என்னைய முழங்கை வரைக்கும் கழுவ வச்சு மாவு கரைக்கச் சொல்லிட்டாப்பா."

நான் அம்மாவைப் பார்த்தேன்.

"என் கை சூட்டுக் கை ஆயிட்டு போல" என்றாள். "இந்தத் தூளைப் போட்டு அளைஞ்சு அளைஞ்சு கை கெட்டுப் போச்சு. பிள்ளை கை நல்ல கை. அதான்."

அதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். சோற்றுப் பருக்கையைத் தட்டில் ஒதுக்கிக்கொண்டே சொன்னாள்.

மக்கா, இப்போது சொல்வதைக் கவனமாக வாசி. அந்த நேரத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. சத்தியமாக வந்தது. பிரிட்ஜாக இருக்குமோ என்று ஒரு நினைப்பு வந்து நின்றது. ஆனால் ரீடிங்குக்கு இன்னும் நாலே நாள்தான், நம்பர் கோட்டுக்கு உள்ளேயே இருந்தது. பாட்டில் ஜில்லென்றுதானே இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அன்றும் போய் அணைத்தேன். தெரியாமல் செய்தது ரெண்டு நாள். மிச்சத்தைத் தெரிய விரும்பாமல் செய்தேன். உன் கட்டுரையில் எழுத வேண்டியிருந்தால் இதைத்தான் எழுத வேண்டும்.

நீ கரைத்த மாவும் புளித்தது. மகள் கரைத்தது என்று டீச்சரம்மாவிடம் சொன்னேன். "மகளுக்கும் அம்மா கைதான்" என்று டீச்சரம்மா சிரித்துவிட்டு, வியாழக்கிழமை ஒரு தூக்குவாளியை அப்படியே திருப்பி அனுப்பினார்கள்.

அந்த வாரம் வீட்டில் நடந்ததை நீங்கள் இப்போதும் 'பணியார வாரம்' என்கிறீர்கள். தம்பி, வந்துவிட்டாயா? புளித்த மாவைக் கொட்ட அம்மாவுக்கு மனசில்லை. உடன்குடிக் கருப்பட்டியைப் பாகாக்கி ஊற்றிக் குழிப்பணியாரம், வெங்காயம் போட்டு ஒரு பணியாரம், ஊத்தப்பம், திரும்பவும் பணியாரம். தம்பி பள்ளிக்கூட டப்பாவில் கொண்டுபோய் விற்காத குறை. "அம்மா, தெனமும் இப்படிப் புளிக்க வைம்மா" என்று அவன் கேட்டபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சட்டியைத் தேய்த்தாள். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை நான் எழும்பப் பிந்திவிட்டது. அம்மா எனக்கு முன்னால் எழுந்து பிரிட்ஜைத் திறந்துவிட்டாள். அவள் போட்ட சத்தத்தில் ஓடிப்போய்ப் பார்த்தால், தூக்குவாளி மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு வெளியே வழிந்து, கீழ்த்தட்டில் கத்தரிக்காய் மேலெல்லாம் இறங்கியிருந்தது.

"குளிருக்குள்ள வச்சும் பொங்குதே. நான் என்ன பாவம் செஞ்சேன்?"

நான் தூக்குவாளியைத் தொட்டேன். வெளிப்புறம் வேர்வையே இல்லை. தூங்குகிற பிள்ளையின் வயிறு மாதிரி இளஞ்சூடாக இருந்தது.

சொல்லிவிட்டேன். நின்ற இடத்திலேயே, கையில் மாவோடு. திங்கட்கிழமையிலிருந்து ராத்திரி அணைக்கிறேன், புதன்கிழமை சந்தேகம் வந்தது, அப்போதும் சொல்லவில்லை என்பது வரை சொன்னேன்.

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. வலது கையைத் தூக்கி, உள்ளங்கையையும் புறங்கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அப்போ என் கை இல்ல" என்றாள்.

"இல்ல."

"பிள்ளை கையும் இல்ல."

"இல்ல."

"டீச்சரம்மாட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. பல்பைக் கழட்டுன ஆளு, சுவிட்ச அமத்துன ஆளு நீங்கதான்னு சொல்லுங்க. சொல்லிட்டு வரும்போது பல்பு வாங்கிட்டு வாங்க."

அன்று மாவு கொண்டு போகாமல் வெறும் கையோடு சைக்கிளில் போனேன். பல்பு கழற்றியதிலிருந்து ஆரம்பித்து டீச்சரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்டார்கள். இருபத்தைந்து வருஷம் பிள்ளைகளின் பொய்யைக் கேட்டுக் கேட்டு, உண்மையைக் கேட்டால் கொஞ்சம் தடுமாறுவார்கள் போல.

"ஏன் தம்பி, மத்த புருசமாரு மாதிரி, உளுந்து சரியில்ல டீச்சர்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே?"

"அவ கைய அவளே குத்தம் சொல்லுதா டீச்சரம்மா. அது சரியில்ல."

"கரண்டு மிச்சம் பிடிக்கணும்னா இங்க வந்து பாருங்க. நாப்பது பிள்ளைக, நாப்பது சார்ஜரு. ராவும் பகலும் சொருகியே கெடக்கு. அதைக் கொஞ்சம் அமத்திட்டுப் போங்க." சிரித்தார்கள். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டார்கள். "வாற செவ்வா, புதன், வியாழன், இன்னும் மூணு நாள் குடுத்துப் பாருங்க. அதுக்கு மேல எனக்கு முடியாது. நாசரேத்துக்காரம்மா ஒருத்தியும் மாவு தாறேன்னு கேட்டுக்கிட்டு இருக்கா."

பல்பு வாங்கி வந்து நானே மாட்டினேன். அம்மா அன்றும் மறுநாளும் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. "சோறு", "சாவி", "குழாய்" என்று பெயர்ச்சொல்லாகவே வந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை ரீடிங் எடுக்க வந்தார்கள். அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நான் கடைக்குப் போயிருந்தேன். சாப்பிட வரும்போது அம்மா வாசலிலேயே அட்டையோடு நின்றாள்.

"எவ்வளவு?" என்றேன்.

"ஐந்நூத்தி மூணு."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சாதாரணச் சிரிப்பு இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரிப்பு இருமலாகி, இருமல் திரும்பச் சிரிப்பாகி, பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு ஓடி வந்துவிட்டார்கள்.

"என்னட்டி, என்னாச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. இவுக நாலு நாள் மாவைப் புளிக்க வச்சு, தெருப்பூரா என் மானத்த வாங்கி, கடைசில மூணு யூனிட்டுல தோத்துட்டாவ."

"அந்த மூணு பிரிட்ஜு பல்பா இருக்கும்" என்றார்கள் அக்கா. இருவரும் திரும்பவும் ஆரம்பித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு மோர்ச்சோறு சாப்பிட்டேன். அதைவிட ருசியான மோர்ச்சோறு நான் சாப்பிட்டதில்லை.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் ஒன்று கேட்டாள்: "ஏங்க, விடியக்காலம் அஞ்சு மணிக்கு மாவு பொங்கி நிக்கணும்னா, சாயங்காலம் ஆட்டுனாப் போதும்லா? வெயில் காலத்துல ராத்திரியிலேயே பொங்கிரும். அப்போ பிரிட்ஜுக்குள்ள எதுக்கு வைக்கணும்?"

நான் சோற்றுக் கையோடு அவளைப் பார்த்தேன். ரெண்டு மாசமாக மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது தோன்றவே இல்லை. மாவின் நேரத்தை மாற்றினால் பிரிட்ஜுக்கு விடுதி மாவு வேலையே கிடையாது. அந்தப் பெரிய தூக்குவாளி ரெண்டையும் குளிர வைக்க அது திணறுகிற திணறலும் கிடையாது.

"பிள்ளைக படிக்கிற நேரமாச்சே?" என்றேன்.

"ஒரு மணிக்கூறுதான? மாடிக்கு விரட்டுங்க. அங்கன காத்தாவது வரும், பேனும் வேண்டாம்."

அப்படித்தான் நீங்கள் மாடியில் படிக்கிறது ஆரம்பித்தது. முதல் நாள் தம்பி கீழே வந்து கிரைண்டர் பக்கத்தில் நின்றுகொண்டு, அதைவிடச் சத்தமாக ஏழாம் வாய்ப்பாடு சொன்னான். அன்று சொன்னதுதான் அவனுக்கு இன்றுவரை மறக்காத ஒரே வாய்ப்பாடு. அம்மா முழங்கை வரை கழுவிக்கொண்டு, உப்பைப் போட்டுத் தானே கரைத்தாள். நீ கேட்டாய், "இன்னைக்கு நான் கரைக்க வேண்டாமாம்மா?" என்று. "ஏட்டி, நீ அங்கன போய்ப் படி" என்றாள்.

செவ்வாய்க்கிழமை டீச்சரம்மா ஒன்றும் சொல்லவில்லை. புதன்கிழமையும் ஒன்றும் சொல்லவில்லை. மூடியைத் திறந்து பார்த்து மூடிவிட்டு, உள்ளே போய்விட்டார்கள். அம்மா ரெண்டு நாளும் வாசலிலேயே நின்று, "என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழும்பவில்லை. "பாத்தாங்க" என்றேன். "பாத்துட்டு?" என்றாள். "பாத்துட்டு மூடிட்டாங்க" என்றேன். அவள் உள்ளே போய்த் தட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை. ஆறு மணிக்கு முன்னாலேயே போய்விட்டேன். டீச்சரம்மா தூக்குவாளிகளை உள்ளே அனுப்பிவிட்டு என்னை நிற்கச் சொன்னார்கள், முதல் ஈடு இட்லி வெந்து இறங்கியதும் உள்ளே கூப்பிட்டார்கள். சமையல்கட்டில் ஒரு அம்மா முந்தின நாள் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நாலைந்து பெண் பிள்ளைகள் வேலைக்குப் போகிற அவசரத்தில் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி தட்டை நீட்டி, "ஆன்ட்டி, இன்னும் ரெண்டு" என்றாள்.

"கேட்டீங்கல்லா?" என்றார்கள் டீச்சரம்மா. "நேத்து நாப்பது பேருக்கு வச்ச இட்லி முப்பது பேரோட தீந்து போச்சு. மிச்சப் பத்துப் பேரு என்னைய முறைச்சுட்டுப் போனாளுக. நாளையிலயிருந்து தெனமும் வேணும். ஒரு வாளி கூட வேணும். ஒங்க வீட்டம்மாட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க." அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "நல்ல கைன்னு சொல்லுங்க" என்றார்கள்.

தலையை ஆட்டினேன்.  காலி வாளிகளை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தேன். அவை ஒன்றோடொன்று மோதி டங்கு டங்கு என்று வருகிற வழியெல்லாம் சத்தம். பையில் போன் இருந்தது. எடுத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மா வாசலில் நிற்பாள், அவள் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அதே நேரம் எனக்குப் பயமாகவும் இருந்தது. சரியாகச் சொல்ல வராமல் நான் ஏதாவது கேலியாகச் சொல்லி, அவளுக்கு வர வேண்டியதைக் கெடுத்துவிடுவேனோ என்று.

பாளையங்கால்வாய்ப் பாலம் வந்ததும் சைக்கிளை ஓரமாக நிறுத்தினேன். கால்வாயில் தண்ணீர் கொஞ்சமாக ஓடிக்கொண்டிருந்தது. ரெண்டு பக்கமும் பார்த்தேன், ஆள் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு தண்ணீரைப் பார்த்துச் சொன்னேன்: "டீச்சரம்மா தெனமும் வேணும்னு சொல்லிட்டாங்க. நல்ல கைன்னு சொன்னாங்க."

குரல் உடைந்துவிட்டது. நன்றாக இல்லை. இன்னொரு தடவை சொன்னேன். இப்போது ரொம்ப வேகமாக வந்துவிட்டது. மூன்றாவது தடவை பைய, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னேன். அது சரியாக வந்தது. அப்படியே மறக்காமல் வைத்துக்கொண்டு, சைக்கிளில் ஏறி மிதித்தேன்.